64-ஆல் வகுத்தால் பொம்மை பஸ் நிஜ பஸ்

இரண்டு நவராத்திரிக்கு முன்னால், கொலுப் படிக்குக் கீழே வழக்கமாகப் போடும் பார்க்குக்குப் பதிலாக ஒரு மதுரைத் தெருவைப் போட்டேன். அட்டையில் வெட்டிய டீக்கடை, ஒரு பொம்மை டவுன் பஸ், இரண்டு கார், கடை வாசலில், மண் பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரியில் வாங்கிய செட்டியார் பொம்மை. போனில் படமெடுத்து, நிஜத் தெரு மாதிரியே இருக்கிறது என்ற நினைப்பில் குடும்பத்தாருக்கு அனுப்பினேன். அக்கா மகனிடமிருந்து பதில் வந்தது: “மாமா, பஸ் பக்கத்துல உக்காந்திருக்கிற பூதம் யாரு?”

கோபம் ஆறியதும் கணக்குப் போட்டேன். பொம்மை பஸ் 18 செ.மீ. நீளம். நிஜ டவுன் பஸ் பதினொன்றரை மீட்டருக்குப் பக்கம். ஒன்றை மற்றதால் வகுத்தால் கிட்டத்தட்ட 64. அதாவது நிஜ உலகத்தின் 64 செ.மீ. என் தெருவில் 1 செ.மீ. செட்டியாரோ 15 செ.மீ. அவரை 64-ஆல் பெருக்கினால் 9.6 மீட்டர். உட்கார்ந்தபடியே மூன்று மாடி உயரம். பையன் பூதம் என்றது நியாயம்தான்.

சின்ன மாதிரிகளை நிஜக் காட்சியாகத் தெரியும்படி படமெடுக்கும் கலைக்கு அடிப்படை இந்த வகுத்தல்தான். பொம்மையை 64-ஆல் வகுத்துச் செய்துவிட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் நாம் வகுக்க வேண்டும்: பார்க்கிறவரின் உயரம், கேமராவின் கண், விளக்கு, தூசி, வீடியோ என்றால் நேரத்தையும் கூட. எது வகுபடாமல் அப்படியே நிற்கிறதோ, அது ‘இது பொம்மை’ என்று காட்டிக்கொடுத்துவிடும்.

1:64 என்று எழுதுவதற்கு இதுதான் பொருள். உள்ளங்கையில் அடங்கும் சின்ன உலோகக் கார்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியவை. 64 திருவிளையாடல் நடந்த ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணை நினைவில் வைப்பது கஷ்டமில்லை. இது தவிர 1:18, 1:24, 1:43 கார்கள் உண்டு. மாதிரி ரயில் ஆட்கள் அதிகம் புழங்குவது 1:87. பெட்டியில் அளவு போடாத பொம்மை என்றால் நிஜ வண்டியின் நீளத்தைப் பொம்மையின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். அம்பாசிடர் ஏறக்குறைய 4.3 மீட்டர். உங்கள் பொம்மை அம்பாசிடர் 12 செ.மீ. என்றால் அது 1:36. ஆட்டோ ஏறக்குறைய 2.6 மீட்டர், பொம்மை ஆட்டோ 13 செ.மீ. என்றால் 1:20. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஆட்டோ காரைவிடப் பெரிதாக நிற்கும். ஒரே அளவு கிடைக்கவில்லையா, பெரிய அளவு பொம்மையை முன்னாலும் சிறிய அளவுப் பொம்மையைப் பின்னாலும் வையுங்கள். தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரிகிறது என்று கண் தானே சமாதானம் செய்துகொள்ளும்.

இனி வகுக்க ஆரம்பிக்கலாம்.

முதலில் உங்கள் உயரம். தெருவில் நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரைத் தாண்டி இருக்கும். 165 செ.மீ. என்று வைத்துக்கொண்டு 64-ஆல் வகுத்தால் சுமார் 2.6 செ.மீ. கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கேமராவின் லென்ஸ் மேசையிலிருந்து அந்த உயரத்தில் இருக்க வேண்டும். நாம் செய்வது என்ன? நின்றபடி போனைச் சாய்த்து மேலிருந்து எடுக்கிறோம். மேசைக்கு 40 செ.மீ. மேலே போன் இருந்தால், அது நிஜத் தெருவை 25 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். ட்ரோன் படம் என்று சொல்லித் தப்பிக்கலாம்; தெருவில் நிற்கும் உணர்வு வராது.

போனின் லென்ஸ் மேல் முனையில் இருப்பதால் நேராகப் பிடித்தால் 2.6 செ.மீ.க்கு இறங்காது. போனைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் ஊன்றுங்கள். லென்ஸ் தரையோடு தரையாக வந்துவிடும். படத்தை அப்புறம் நிமிர்த்திக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது கேமராவின் கண். பொம்மைப் படங்களை அதிகம் காட்டிக்கொடுப்பது இதுதான், பலருக்குப் புரியாததும் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கையை முகத்துக்கு அருகில் வைத்து அதையே பாருங்கள். பின்னாலுள்ள சுவர் மங்கிவிடும். எதிர்ச் சாரியில் நிற்கும் பஸ்ஸைப் பாருங்கள். பஸ், அதன் பின்னாலுள்ள கடை, கடைக்குப் பின்னாலுள்ள வேப்பமரம் எல்லாமே துலக்கமாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் சின்னப் பொருளைப் பார்த்தால் முன்னும் பின்னும் மங்கும், தூரத்துப் பெரிய பொருளைப் பார்த்தால் மங்காது என்று மூளை சிறு வயதிலேயே கற்றுவைத்திருக்கிறது. ஆகவே படத்தில் பஸ்ஸின் முகப்பு துலக்கமாகவும் அதன் வால் மங்கலாகவும் இருந்தால், சின்னப் பொருள் என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். இதைத் திருப்பிப் போட்டும் விளையாடலாம்: நிஜ ஊரை உயரத்திலிருந்து எடுத்து, மேலும் கீழும் மங்கலாக்கினால் மொத்த ஊரும் பொம்மையாகிவிடும். அப்படிப்பட்ட படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மங்கல் எவ்வளவு என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அகலத்தையும், பொருள் இருக்கும் தூரத்தையும் பொறுத்தது. பெரிய கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் வைத்தால், 50-ஐ அந்த 2-ஆல் வகுத்து, துளை 25 மி.மீ. (எஃப் எண் கூடக் கூடத் துளை சுருங்கும்.) அதை 64-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1.6 மீட்டர். நிஜ பஸ்ஸை 1.6 மீட்டர் வாய் உள்ள லென்ஸால் எடுத்தால் எப்படி மங்குமோ, அப்படி மங்கும். அப்படியொரு லென்ஸை யார் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்? போனின் பிரதான கேமராவில் துளையின் அகலம் சுமார் 3 மி.மீ. இருக்கும், 64 மடங்கு என்றால் ஒரு டிபன் தட்டு அளவு. அகலமான காட்சியை எடுக்கும் அல்ட்ராவைட் கேமராவில் சுமார் 1 மி.மீ.தான், பெருக்கினால் 6 செ.மீ. இதுதான் நாம் பார்த்துப் பழகிய நிஜக் கேமராவுக்குப் பக்கத்தில் வருகிறது.

ஆக இந்த ஒரு வேலையில், லட்ச ரூபாய் கேமராவை அதன் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தால் கையில் இருக்கும் போனிடம் அது தோற்றுவிடும். கேமரா வைத்திருப்பவர்கள் எஃப் 16-க்குக் குறையாமல் துளையைச் சுருக்குங்கள். துளை போன் அளவுக்கு வரும். அதற்கும் மேலே சுருக்கிக்கொண்டே போனால் ஒளி அலை துளையின் விளிம்பில் சிதறி, படம் முழுவதுமே சற்று மழுங்கும். அதுவும் போதாது என்றால் கேமராவை அசைக்காமல், ஃபோகஸை மட்டும் முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் துலக்கமான பகுதியை மட்டும் சேர்த்து ஒன்றாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. போன்காரர்கள் ஒட்டி எடுக்காமல் இரண்டடி விலகி எடுத்து, வேண்டிய பகுதியை வெட்டிக்கொண்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை மறந்தும் தொடாதீர்கள். கல்யாண ஆல்பத்துக்கு அழகு, நம் காரியத்துக்கு எதிரி.

சரி, வெளிச்சம். என் கொலுப் படத்தை எடுத்தது டியூப் லைட் வெளிச்சத்தில். நான்கடி டியூப் லைட் என்பது 1.2 மீட்டர். என் குட்டித் தெருவில் நிற்பவருக்கு அது 77 மீட்டர் நீளத்துக்கு வானத்தில் தொங்கும் வெள்ளைத் தடி. எந்த ஊரில் அப்படி ஒரு சூரியன் உதிக்கிறது?

நிஜ சூரிய ஒளிக்கு இரண்டு அடையாளங்கள். நிழல்கள் எல்லாம் ஒரே திசையில் இணையாக விழும். நிழலின் விளிம்பு பொருளை ஒட்டிய இடத்தில் கூர்மையாக இருக்கும். பக்கத்தில் வைத்த பல்பின் கீழ் நிழல்கள் குடைக்கம்பி மாதிரி நாலா பக்கமும் விரியும், விளிம்பும் கரைந்திருக்கும். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் சூரியனின் குறுக்களவைப் போல ஏறக்குறைய 108 மடங்கு. (கோயிலை 108 முறை சுற்றும் என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “அது எங்களுக்கு முன்னாடியே தெரியும்” என்றார்.) விளக்குக்கும் இதே கணக்கைப் போடலாம். 6 செ.மீ. பல்பு என்றால் ஆறரை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வீட்டில் அவ்வளவு இடம் ஏது? ஒளி வரும் இடம் 5 மி.மீ. மட்டுமே உள்ள சின்ன டார்ச் என்றால் 54 செ.மீ. தள்ளினாலே நிழல் விளிம்பு சூரியனுடையதைப் போலக் கூர்மையாகிவிடும். நிழல்கள் இணையாக விழ இன்னும் தள்ள வேண்டும். அறையின் அடுத்த மூலைக்கே கொண்டுபோய்விடுங்கள். நிழல் பக்கம் மை இருட்டாக இருந்தால் வெளிர்நீலச் சார்ட் தாளை அந்தப் பக்கம் நிறுத்துங்கள். வானத்தின் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இத்தனை பாடு எதற்கு? மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமா? சூரியன் மட்டும் வகுக்கத் தேவையில்லாத விளக்கு. நிஜ பஸ்ஸுக்கும் பொம்மை பஸ்ஸுக்கும் அதே கோணத்தில், அதே கூர்மையோடு நிழல் தரும். பலகையை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போங்கள். காலை ஏழரைக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். உச்சிவெயிலில், அதிலும் சூரியன் ஏறக்குறைய நடுத்தலைக்கு வரும் சித்திரை, ஆவணி மாதங்களில், நிழல் வண்டிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். படம் சப்பையாக இருக்கும். பொம்மையின் பிளாஸ்டிக்கும் நெளியும். என்னுடைய டீக்கடைக் கூரை அப்படித்தான் போனது.

மாடிக்குப் போனதில் இன்னொரு லாபமும் உண்டு: பின்புலம். அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரையே இப்படி உண்டாக்கினார். 1:24 கார்களையும் கையால் செய்த கட்டடங்களையும் மேசையில் அடுக்கி, மேசையை வெளியே கொண்டுபோய் நிஜ மரங்களுக்கும் நிஜ வீடுகளுக்கும் முன்னால் நிறுத்தி, சாதாரணக் கேமராவால் எடுத்தார். படத்துக்கு ஒரே கண்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது, கோணம்தான் தெரியும். அரை மீட்டர் தூரத்தில் நிற்கும் 18 செ.மீ. பஸ்ஸும், 32 மீட்டர் தூரத்தில் நிற்கும் நிஜ பஸ்ஸும் படத்தில் ஒரே அளவு இடத்தைத்தான் பிடிக்கும். அதற்குப் பின்னால் நிற்கும் நிஜ மலைக்கு இந்த ஏமாற்று வேலை எதுவும் தெரியாது.

ஒத்தக்கடையில் நண்பர் வீட்டு மாடிச் சுவரின் மேல் பலகையை வைத்தேன். பலகை மட்டமாக, லென்ஸ் பலகைக்கு இரண்டரை செ.மீ. மேலே. கீழே இருக்கும் நிஜ வீடுகள், கம்பிகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் பலகையின் விளிம்புக்குக் கீழே மறைந்தன. விளிம்புக்கு மேலே யானைமலையும் வானமும் மட்டும். பலகை முடியும் இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. அங்கே அட்டையில் செய்த குட்டிச் சுவரை நிறுத்தி, காய்ந்த பாசியைச் செடியாக ஒட்டினேன். படத்தைப் பார்க்கிறவர் கண்ணில் பஸ் யானைமலை அடிவாரத்தில் நின்றது. மலை சற்று மங்கியிருந்ததால் பஸ்ஸுக்கு ஒரு படம், மலைக்கு ஒரு படம் எடுத்துச் சேர்த்தேன். மேகம் மூடிய மந்தமான நாளில் இது எடுபடாது. நாகமலை, திருப்பரங்குன்றம் பக்கம் மாடி இருப்பவர்களும் முயலலாம்.

தூரத்துக் காட்சி மங்கித் தெரிய வேண்டும் என்று சாம்பிராணிப் புகை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு மீட்டர் மேசை என்பது 128 மீட்டர் தெருதான். மதுரையில் 128 மீட்டர் தூரத்தில் எந்தக் கட்டடமும் பனியில் மறைவதில்லை. தவிர, புகைச் சுருள்களையும் 64-ஆல் பெருக்கிப் பாருங்கள். புயல் மாதிரி நிற்கும்.

தரைக்கு வருவோம். வைகை மணலைக் கொட்டினால் தெருவாகிவிடும் என்று நினைத்தேன். அரை மி.மீ. மணல் என்பது 3 செ.மீ. ஜல்லி. செம்மண்ணைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, துணியில் இறங்கும் மாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டுக்கு உப்புத்தாளை மிஞ்சியது இல்லை. 120 நம்பர் தாளில் துகள் சுமார் எட்டில் ஒரு பங்கு மி.மீ.; 64 மடங்கு 8 மி.மீ. ரோட்டில் பரப்பும் சின்ன ஜல்லிக்கு மிக அருகில். ஆனால் தாள் கறுப்பாக இருக்கும், ரோடு கறுப்பாக இருக்காது. வெயிலில் வெளுத்த நம் ரோடுகளைப் பாருங்கள், சாம்பல் நிறம். சிமெண்ட் மாவைத் தூவித் துடைத்தால் வந்துவிடும். இரண்டு தாள் சேரும் கோட்டை மறைக்க முடியாவிட்டால் அதன்மேல் கறுப்பாக ஒரு பட்டை தீட்டுங்கள், பைப் பதிக்கத் தோண்டி மூடிய தடம் என்று யாரும் நம்புவார்கள். மரத்துக்குக் காய்ந்த துளசிக் கொத்து, மரத்தடிச் சருகுக்கு டீத்தூள்.

வண்டிக்கு இருக்கும் பளபளப்பும் சந்தேகத்தைக் கிளப்பும். பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷை மெலிதாக அடித்து, சக்கரத்துக்கு மேலேயும் பின்பக்கத்திலும் அதே செம்மண் மாவைத் தூரிகையால் தட்டுங்கள். நம் டவுன் பஸ்ஸில் எங்கே அழுக்கு படியும் என்று ஒரு நாள் ஸ்டாப்பில் நின்று கவனித்துவிட்டுச் செய்வது நல்லது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுக்கைப் பூசினால் அதுவும் பொய்யாகத் தெரியும்.

ஆட்கள் கொஞ்சம் தொல்லை. கை நீட்டி ஓடும் பொம்மை மனிதர் படத்தில் உறைந்துபோய் நிற்பார். உட்கார்ந்தவர், சாய்ந்து நிற்பவர், டீ குடிப்பவர் என்று நிஜத்திலேயே அசையாமல் இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். 10 செ.மீ. உயரம் நிற்கும் மண் பொம்மைகள் ஏறக்குறைய 1:16 ஆகிவிடுவதால், 1:18 வண்டிகளோடு ஒத்துப்போகும். பொம்மைக்குக் கண் பெரிதாக வரைந்திருப்பார்கள். முதுகைக் காட்டி நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இனி, எவ்வளவு முயன்றாலும் வகுபடாதவை. தண்ணீர் முதல் ஆள். ரோட்டில் மழை பெய்த மாதிரி இருக்கட்டும் என்று தெளித்துப் பார்த்தேன். துளிகள் பஸ்ஸின் கூரையில் குண்டு குண்டாக நின்றன. 4 மி.மீ. துளி என்பது 25 செ.மீ., ஃபுட்பாலைவிடப் பெரிது. தண்ணீரின் மேற்பரப்பு தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் விசை நம் அளவுகோலைக் கேட்டு நடக்காது. நனைந்த ரோட்டுக்கு மினுமினுக்கும் வார்னிஷ் போதும். தெப்பக்குளம் வேண்டுமானால் அடியில் கரும்பச்சை பூசிய கண்ணாடித் தகடு, மேலே மைய மண்டபத்தின் சின்ன உரு. பிரதிபலிப்பு தானாக வரும். தீயும் அப்படியே: மெழுகுவர்த்திச் சுடரை 64 மடங்காக்கினால் சொக்கப்பனை.

வீடியோ எடுப்பவர்களுக்கு நேரம் ஒரு சிக்கல். பொம்மை பஸ் பள்ளத்தில் குதித்தால் டக்கென்று அடங்கிவிடும். நிஜ பஸ் மெதுவாக ஆடி அடங்கும். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் இங்கே மட்டும் 64-ஆல் வகுக்கக் கூடாது. 64-இன் வர்க்கமூலம் 8, ஆகவே 8 மடங்கு மெதுவாக ஓட்ட வேண்டும். போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால், அதை நொடிக்கு 30 படமாக ஓட்டினால் சரியாக 8 மடங்கு. யாரோ நமக்காகவே வைத்த மாதிரி இருக்கிறது.

கடைசியாகச் சக்கரம். நிஜ டயர் வண்டியின் பாரத்தால் அடியில் சற்றுச் சப்பியிருக்கும். பொம்மைச் சக்கரம் முழு வட்டம். போதாக்குறைக்கு நான்கில் ஒன்று தரையைத் தொடாமல் மயிரிழை இடைவெளியோடு தொங்கும். 2.6 செ.மீ. உயரத்திலிருந்து பார்க்கும்போது அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். சக்கரத்தின் அடியை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு தேய்த்துத் தட்டையாக்கி, ஓரத்தில் சிட்டிகை மண்மாவு தள்ளிவிட்டால் வண்டிக்கு எடை வந்துவிடும்.

இத்தனையும் செய்து எடுத்த யானைமலைப் படத்தை அக்கா மகனுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். “பஸ்ஸு ஓகே மாமா, ரோட்டுல என்ன எறும்பு?” என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. 4 மி.மீ. எறும்பு, 64 மடங்கு, 25 செ.மீ. நாய்க்குட்டி என்று சொல்லிப் பார்த்தேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை.